டிஎஸ்எச் கூடினால் தைராய்டு குறைந்திருக்கிறது: ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்க ஒரு தொடக்க விளக்கம்

முப்பது வயதுப் பெண் ஒருவரின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொள்வோம். சில மாதங்களாக அவருக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, முடி கொட்டுகிறது, எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. தாளில் டிஎஸ்எச் 7.8 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் இயல்பு அளவு 0.4 முதல் 4.2 வரை என்றிருக்கிறது. அதற்குக் கீழே ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டாமல் உலவும் தைராய்டு ஹார்மோன்) 1.1 என்பது இயல்பு எல்லைக்குள் இருப்பதால் சாதாரண எழுத்தில் இருக்கிறது. இதைப் பார்க்கும் பலரும், எண் கூடியிருப்பதால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் ஹார்மோனே அல்ல என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் தாளில் உள்ள மற்ற எண்களும், மருத்துவர் சொல்லும் பெரும்பாலான கட்டுப்பாடுகளும் தாமாகவே விளங்கிவிடும்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, 15 முதல் 20 கிராம் எடையில் இருக்கும் நாளமில்லாச் சுரப்பி. உணவின் வழியாக ரத்தத்துக்கு வரும் அயோடினைப் பிடித்து, டைரோசின் என்ற அமினோ அமிலத்துடன் சேர்த்து அது இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது டி4. தைராக்சின் என்பது இதன் இன்னொரு பெயர். மூன்று அணுக்களைக் கொண்டது டி3. சுரப்பி வெளியே அனுப்புவதில் பெரும்பங்கு டி4தான். கல்லீரல், தசை, மூளை போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி, தமக்குத் தேவையான டி3ஐத் தாமே செய்துகொள்கின்றன. அந்த டி3 செல்லின் உட்கருவுக்குள் சென்று, உடல் எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவிட வேண்டும், இதயம் எவ்வளவு விரைவாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக அசைய வேண்டும் என்பதையெல்லாம் நிர்ணயிக்கிறது.

டிஎஸ்எச் வருவது வேறோர் இடத்திலிருந்து. மூளையின் அடிப்பகுதியில், ஒரு கிராம் எடைகூட இல்லாத பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனின் அளவைப் பிட்யூட்டரி இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அளவு குறைந்தால், இன்னும் சுரக்கச் சொல்லித் தைராய்டுக்கு டிஎஸ்எச் வழியாகக் கட்டளை அனுப்புகிறது. அளவு மிகுந்தால் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி, டிஆர்எச் என்ற ஹார்மோனால் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. இந்த டிஆர்எச் மாதவிடாய்க் கதையில் மறுபடியும் வரும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆக, டிஎஸ்எச் கூடியிருக்கிறது என்றால், தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை என்று பிட்யூட்டரி கருதுகிறது என்று பொருள். இதையே தைராய்டு குறைசுரப்பு, ஹைப்போதைராய்டிசம் என்கிறார்கள்.

பிட்யூட்டரியின் கவனிப்பு மிக நுட்பமானது. ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் ஏறத்தாழ நூறு மடங்கு வரை உயரக்கூடும். எனவே டி4 இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே, அந்த நபருக்கு வழக்கமாக இருக்கும் அளவிலிருந்து அது சற்று இறங்கினாலும் டிஎஸ்எச் முதலில் ஏறிவிடுகிறது. நமது எடுத்துக்காட்டில் இருப்பது இந்த நிலைதான். இதை மறைநிலைக் குறைசுரப்பு என்பார்கள். டிஎஸ்எச் கூடி, டி4உம் எல்லைக்குக் கீழே போயிருந்தால் அது வெளிப்படையான குறைசுரப்பு. அதற்குச் சிகிச்சை தேவையா என்ற விவாதமே இல்லை. டிஎஸ்எச் மிகவும் குறைந்து, டி4 கூடியிருந்தால் அது பெரும்பாலும் மிகைசுரப்பு. அதற்கான காரணங்களும் மருந்துகளும் முற்றிலும் வேறானவை என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

ஒரே எண்ணை வைத்து முடிவு செய்யலாமா?

டிஎஸ்எச் 10ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். நான்குக்கும் பத்துக்கும் இடைப்பட்ட எண்ணில்தான் நிதானம் வேண்டும். டிஎஸ்எச் இரவில் உச்சத்துக்குப் போய், பிற்பகலில் இறங்கும் இயல்புடையது. கடும் காய்ச்சலிலிருந்தோ அறுவை சிகிச்சையிலிருந்தோ தேறிவரும் வாரங்களில் அது சற்று ஏறிப் பின்னர் தானாக இறங்கிவிடும். வயதானவர்களுக்கு அதன் இயல்பு எல்லையே கொஞ்சம் உயர்ந்திருக்கும் என்பதால், எண்பது வயதுப் பாட்டியின் 6.0உம் இருபத்தைந்து வயதுப் பேத்தியின் 6.0உம் ஒன்றல்ல. இதனால்தான் அவசரமில்லாத நிலையில் இரண்டு மூன்று மாதம் கழித்து, முடிந்தவரை அதே நேரத்தில், அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடியும் பார்க்கச் சொல்கிறார்கள். அப்போது கணிசமானோருக்கு எண் தானாகவே இயல்புக்குத் திரும்பியிருக்கும். ஆனால் அந்தப் பெண் குழந்தைக்குத் திட்டமிடுபவராக இருந்தால் கணக்கு மாறுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முடி கொட்டுகிறது என்பதற்காகப் பலர் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல பரிசோதனை முறைகள் பயோட்டினையே ஒரு வினைப்பொருளாகப் பயன்படுத்துவதால், ரத்தத்தில் அது மிகுதியாக இருந்தால் டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகவும், டி4 உண்மையைவிடக் கூடுதலாகவும் தாளில் தெரியும். உண்மையில் குறைசுரப்பு உள்ள ஒருவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவோ, நேரெதிரான நோய் இருப்பதாகவோ அறிக்கை வந்துவிடலாம். குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பதும், அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும் போதும்.

ஏன் குறைகிறது?

நம் ஊர்களில் இன்று மிகப் பொதுவான காரணம், உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே தைராய்டைத் தாக்குவதுதான். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ இதை முதலில் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆன்டி டிபிஓ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது இதைக் கண்டறியத்தான். அது ஒரு முறை தெரிந்தால் போதும். அந்த எண் 300ஆ 900ஆ என்பதைப் பொறுத்து மருந்தின் அளவு மாறுவதில்லை என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதற்காகப் பணம் செலவழிப்பதில் பயன் ஒன்றுமில்லை. ஹஷிமோட்டோ தவிர, தைராய்டை அறுவை சிகிச்சையில் அகற்றியது, கதிரியக்க அயோடின் கொடுத்தது, மனநோய்க்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் போன்ற மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

அயோடின் குறைபாடு பழைய காரணம். இமயமலை அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக முன்கழுத்துக் கழலை இருந்துவந்தது. 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே அது குறையும் என்று காட்டியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்காக விற்பதற்குத் தடை இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கர்ப்பிணிகளுக்குச் சுமார் 250. அயோடின் உப்பைக் கைவிட்டு, ஆரோக்கியம் என்ற பெயரில் இந்துப்புக்கும் கல்லுப்புக்கும் முழுவதுமாக மாறும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதே வேளையில், ஹஷிமோட்டோ நோயாளி உப்பைக் கூட்டிச் சாப்பிட்டுக் குணமாக முடியாது. அயோடின் அளவு மிஞ்சினாலும் சுரப்பிக்குக் கெடுதல்தான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தைராய்டைக் கெடுக்கும் என்ற அச்சம், அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கு, சமைத்துச் சாப்பிடும் வழக்கமான அளவில் தேவையற்றது.

மாதவிடாய் எப்படிக் குழம்புகிறது?

தைராய்டு ஹார்மோன் குறையும்போது ஹைப்போதலாமஸ் டிஆர்எச் சுரப்பைக் கூட்டுகிறது. அந்த டிஆர்எச் பிட்யூட்டரியில் டிஎஸ்எச் செல்களை மட்டும் தூண்டுவதில்லை. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டிவிடுகிறது. புரோலாக்டின் கூடினால், சினைப்பைகளை இயக்கும் மூளைக் கட்டளைகள் மங்குகின்றன. பாலூட்டும் தாய்மார்கள் பலருக்குச் சில மாதம் மாதவிடாய் வராமலிருப்பதற்கும் இதே வழிமுறைதான் காரணம். சினைமுட்டை முதிர்ந்து வெளிப்படாததால் மாதவிடாய் தள்ளிப்போகிறது. முட்டை வெளிப்படாத சுழற்சியில் கருப்பையின் உட்படலம் அளவுக்கு மீறி வளர்ந்து, பின்னர் கட்டுக்கடங்காத உதிரப்போக்காக வருவதும் உண்டு. கர்ப்பமாகாத பெண்ணுக்கு மார்பிலிருந்து பால் போன்ற நீர் கசிவதும், குழந்தைப்பேறு தள்ளிப்போவதும் இதே சங்கிலியின் விளைவுகள். நெடுநாள் சிகிச்சை பெறாதவர்களுக்குப் பிட்யூட்டரியே பருத்து, எம்ஆர்ஐ படத்தில் கட்டியைப் போலத் தெரியும். தைராக்சின் கொடுத்தால் அது சுருங்கிவிடும் என்பதால், புரோலாக்டின் கூடியிருக்கும் எவருக்கும் தலைப் படம் எடுப்பதற்கு முன் டிஎஸ்எச் பார்ப்பது செலவையும் பீதியையும் மிச்சப்படுத்தும்.

இதே காரணத்தால், ஒரு பெண்ணுக்குப் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு செய்வதற்கு முன் டிஎஸ்எச், புரோலாக்டின் இரண்டையும் பார்த்து, அவற்றால் வந்த குழப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பது மருத்துவ விதி. ஸ்கேனில் நீர்க்கட்டிகள் தெரிந்தன என்ற ஒரே காரணத்துக்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள், இந்த இரண்டு பரிசோதனையும் தமக்குச் செய்யப்பட்டதா என்று கேட்பதில் தவறில்லை. ஆண்களுக்கும் தைராய்டு குறைசுரப்பால் பாலுறவு நாட்டம் குறைவதும் விந்தணுக்கள் பாதிக்கப்படுவதும் உண்டு. ஆனால் பெண்களைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் அவர்களுக்கு இந்நோய் வருகிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர், உடல் வீங்கி மந்தமாகிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தப் பெண் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று எல்ட்ராக்சின், தைரோநார்ம் போன்ற பெயர்களில் விற்கும் லெவோதைராக்சின், செயற்கையாகச் செய்யப்பட்டாலும், நம் சுரப்பி செய்யும் அதே டி4 மூலக்கூறுதான். உடலில் குறைந்துபோன பொருளையே திருப்பித் தருகிறோம் என்பதால், சரியான அளவில் சாப்பிடும்வரை இதற்குப் பக்கவிளைவு என்று தனியாகச் சொல்ல ஏதுமில்லை. ‘வாழ்நாள் முழுக்க மருந்தா?’ என்று தயங்குபவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும் என்பது என் எண்ணம்.

சுரப்பு முழுவதும் நின்றுபோனவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். மறைநிலைக் குறைசுரப்புக்கு 25, 50 என்று தொடங்குவார்கள். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இன்னும் மெதுவாக. டி4இன் அரை ஆயுள் ஏழு நாள், அதாவது சாப்பிட்டதில் பாதி ஒரு வாரத்துக்குப் பிறகும் ரத்தத்தில் இருக்கும். அதனால் அளவை மாற்றிய பிறகு அது நிலைபெற ஐந்தாறு வாரம் பிடிக்கிறது. பிட்யூட்டரி அதற்கேற்பத் தன் கட்டளையைச் சரிசெய்துகொள்ளவும் அவகாசம் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் டிஎஸ்எச் பார்ப்பது வீண் என்று சொல்வதன் காரணம் இதுதான். ஒரு நாள் மறந்துவிட்டால் உடனே தீங்கு வராததற்கும் இதே அரை ஆயுள்தான் காரணம். ஆனால் எண் இயல்புக்கு வந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்தினால், சில வாரங்களில் எல்லாம் பழையபடி திரும்பும். எண் இயல்பானதே மாத்திரையால்தான்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நம் வீடுகளில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் காலைக் காபிதான். காபியும் தடுக்கும், அதிலுள்ள பாலின் கால்சியமும் தடுக்கும். மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போகும் சிலருக்கு, காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாலே டிஎஸ்எச் இறங்குவது உண்டு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரண்டையும் வாங்கிவரும் கர்ப்பிணிகள், எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகச் சாப்பிட்டு முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் தைராக்சின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம், இரவில் இரும்புச்சத்து என்று பிரித்துக்கொண்டால் மூன்றும் உடலில் சேரும். காலையில் முடியாதவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துத் தைராக்சினைச் சாப்பிடலாம். மாத்திரைக் குப்பியை அடுப்பு மேடையிலோ குளியலறையிலோ வைக்கக் கூடாது; வெப்பமும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும்.

எடை குறையும் என்ற எதிர்பார்ப்பைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடலாம். குறைசுரப்பால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பங்கு உடலில் தேங்கிய உப்பும் நீரும். இருபது கிலோ கூடியதற்கு முழுக் காரணமும் தைராய்டே என்பது அரிது. எடை குறைய வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டிச் சாப்பிட்டால் டிஎஸ்எச் 0.1க்கும் கீழே போய், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் மெலியும்.

கருவுற்ற பிறகு

கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு ஏறத்தாழ 12ஆவது வாரத்தில்தான் சுரக்கத் தொடங்குகிறது. தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ள 18, 20 வாரமாகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சின் தாயிடமிருந்துதான் போக வேண்டும். ஆரோக்கியமான தாயின் சுரப்பி இந்தக் கூடுதல் தேவைக்கேற்பத் தானே அதிகம் சுரந்துவிடும். மாத்திரையை நம்பியிருப்பவரால் அது முடியாது. அதனால் ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடும் பெண்கள், நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரைப் பார்த்து அளவை 25 முதல் 30 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும்; வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்பது பலர் சொல்லும் எளிய வழி. முதல் ஸ்கேன் வரை காத்திருந்தால் முக்கியமான வாரங்கள் கடந்துவிடும். கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் பார்த்து, 2.5க்குக் கீழே வைத்திருப்பார்கள். நம் எடுத்துக்காட்டுப் பெண் குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால், மறு பரிசோதனைக்காக மாதக்கணக்கில் காத்திராமல் 7.8 என்ற எண்ணிலேயே குறைந்த அளவில் மாத்திரை தொடங்குவது பொதுவான நடைமுறை. பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்க இந்த மாத்திரை தடையல்ல.

சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ, அது சரியாக அமையாமலோ பிறக்கின்றன. பிறந்தவுடன் பார்ப்பதற்கு வேறுபாடு எதுவும் தெரியாது. தாயின் தைராக்சின் இன்னும் சில நாளுக்குக் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். அடையாளங்கள் தெரியும்வரை காத்திருந்தால் அறிவு வளர்ச்சி திரும்பப் பெற முடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டுவிடும். பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்து, சிறிது தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து கொடுக்கத் தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். இந்தப் பரிசோதனை நம் நாட்டில் எல்லா மருத்துவமனையிலும் செய்யப்படுவதில்லை என்பதால், பெற்றோர் தாமாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

டிஎஸ்எச் ஏமாற்றும் ஓர் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் பிட்யூட்டரி நலமாக இருக்கிறது என்ற அடிப்படையில் நிற்பவை. பிட்யூட்டரியே பழுதானால் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு குறைந்தாலும் டிஎஸ்எச் உயராது. தாளில் அந்த எண் பெரும்பாலும் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். பிரசவத்தின்போது மிகுந்த உதிரப்போக்கு ஏற்பட்டு ரத்த அழுத்தம் சரிந்தால், கர்ப்பத்தில் பருத்திருக்கும் பிட்யூட்டரிக்கு ரத்தம் போதாமல் அதன் ஒரு பகுதி செத்துப்போவது உண்டு. 1937இல் இதை விவரித்த மருத்துவர் ஷீஹனின் பெயரால் இது அறியப்படுகிறது. அந்தத் தாய்க்குப் பால் சுரக்காது, மாதங்கள் போனாலும் மாதவிடாய் திரும்பாது, குளிர் தாங்காது, எழுந்து நிற்கவே சோர்வாக இருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லி, ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பலர். டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது; ஃப்ரீ டி4ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தாழ்ந்திருப்பது தெரியும். இவர்களுக்குத் தைராக்சின் தொடங்கும் முன், அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து, அது குறைந்திருந்தால் முதலில் அதற்கான ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்கவும் டிஎஸ்எச் உதவாது. டி4ஐப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.